ரத்தக்கறை படிந்த மண், ரத்தக்கறை படியாத மண்

கேள்வி: கொலை நடந்த இடத்தில் தடயவியல் ஆட்கள் என்னதான் எடுக்கிறார்கள்? கைரேகை, டி.என்.ஏ. என்று இவ்வளவு வந்த பிறகும் எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) எப்படி விடுதலையாகிவிடுகிறார்கள்?

பத்திரிகையில் ஒரு செய்தி வார்த்தை மாறாமல் வரும். "மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. கைரேகை நிபுணர்கள் தடயங்களைச் சேகரித்தனர்." உங்கள் கேள்வி அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது. நாய் விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். நாய் காட்டும் திசை விசாரணை அதிகாரிக்கு உதவும். ஆனால் நாயைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே, அதனால் நீதிமன்றங்கள் அதற்குப் பெரிய மதிப்புத் தருவதில்லை.

இரண்டாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வழக்கு ஆய்வகத்தில் தோற்பது குறைவு. தோற்பதெல்லாம் அதற்கு முன்பே: முதல் நாளில், ஒரு உறைக்குள், அல்லது ஒரு பதிவேட்டில் விட்டுப்போன தேதியில்.

தமிழ்நாட்டுக் கொலை வழக்குத் தீர்ப்பு எதையாவது எடுத்துப் படியுங்கள். சான்றுப் பொருள் பட்டியலில் இந்த இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்: "ரத்தக்கறை படிந்த மண்", "ரத்தக்கறை படியாத மண்". படிந்த மண் சரி, படியாத மண் எதற்கு என்று தோன்றும். அடிப்படையே அதில்தான் இருக்கிறது. ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் முதல் சோதனைகள் எல்லாம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் செய்யும் ஒரு வேதிவினையைப் பிடிப்பவை. அதே வினையைச் சில தாவரச் சாறுகளும், செம்பு உப்பும், இரும்புத் துருவும் செய்துவிடும். அந்த இடத்து மண்ணே அப்படிப்பட்ட மண்ணாக இருந்தால்? அதே மேல்மண்ணை, கறையிலிருந்து ஓரிரு அடி தள்ளி, ரத்தம் தெறிக்காத இடத்தில் ஒரு கைப்பிடி தனியாக எடுத்து, அதற்கும் அதே சோதனையைச் செய்து, அது நிறம் மாறவில்லை என்று காட்டினால்தான் முதல் மண்ணின் முடிவு நிற்கும். எதிரியின் செருப்பில் ஒட்டியிருக்கும் மண்ணோடு ஒப்பிடவும் இந்தப் படியாத மண்தான் வேண்டும். சிமெண்ட் தரை என்றால் கறை படிந்த காரையை உளியால் பெயர்த்து ஒன்று, படியாத காரை ஒன்று. விஷ வழக்கில் உள்ளுறுப்போடு, அதைப் போட்டு வைத்த உப்புக் கரைசலின் மாதிரியும் தனிப் பாட்டிலில் போவது இதே காரணத்துக்காகத்தான்.

இனி வரிசைக்கு வருவோம். சம்பவ இடத்துக்கு முதலில் போகும் காவலர் செய்ய வேண்டிய முதல் வேலை, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. உயிர் இருந்தால் தடயத்தை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் கயிறு கட்ட வேண்டும், அதுவும் இரண்டு சுற்று. உள்சுற்றில் தடயம் எடுப்பவர் மட்டும், வெளிச்சுற்றில் அதிகாரிகள், அதற்கு வெளியே கூட்டமும் கேமராக்களும். உள்ளே போக வர ஒரே தடம். எதிரி நடந்திருக்க வாய்ப்பில்லாத ஓரமாகப் பார்த்து அதைக் குறிக்க வேண்டும். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். 1910-ல் பிரான்சின் லியோன் நகரில் போலீஸ் ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லோக்கார் சொன்னதன் சாரம், தொட்டவன் எதையாவது விட்டுப்போவான், எதையாவது ஒட்டிக்கொண்டு போவான் என்பது. அந்த விதி இன்ஸ்பெக்டருக்கும் கவுன்சிலருக்கும் சேர்த்துத்தான்.

நம் ஊரில் நடக்கும் பாழ் இரண்டு வகை. ஒன்று, போலீஸ் வருவதற்குள் வீட்டார் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது. அதைக் குறை சொல்ல முடியாது, ரத்தத்தோடு யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, மரியாதைக்காக உடல் மேல் வீட்டில் இருக்கும் போர்வையையோ சேலையையோ போர்த்துவது. அந்தப் போர்வையில் குடும்பத்தார் எல்லோருடைய முடியும் நாரும் இருக்கும், அத்தனையும் உடலில் ஒட்டும். பிறகு பிணத்தின் சட்டையில் ஒரு முடி கிடைத்தால் அதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. மூடத்தான் வேண்டும் என்றால் பிரிக்காத புதுத் துணி அல்லது சுத்தமான வெள்ளைக் காகிதம்.

எதையும் தொடுவதற்கு முன் படம். முழு இடமும் தெரிய நான்கு மூலையிலிருந்தும். பிறகு பொருளும் அதற்குப் பக்கத்தில் இருப்பதும் தெரிய. பிறகு கிட்டத்தில் அளவுகோல் இல்லாமல் ஒன்று, அளவுகோல் வைத்து ஒன்று. அளவுகோல் இல்லாத படம் கட்டாயம். இல்லையென்றால், "அளவுகோலுக்கு அடியில் என்ன இருந்தது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிலையான இடங்களிலிருந்து தூரம் குறிக்க வேண்டும். மின்கம்பம், வீட்டு மூலை, கிணற்றுச் சுவர் மாதிரி நாளைக்கும் அங்கேயே இருப்பவை. "வண்டியிலிருந்து 3 அடி" என்று எழுதினால், மறுநாள் வண்டி போய்விடும்.

இப்போது ரத்தம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

காய்ந்த கறை கத்தி, கதவு, சுவர் போன்றவற்றில் இருந்தால், பொருளையே எடுக்க முடிந்தால் பொருளையே எடுக்க வேண்டும். முடியாதபோது பஞ்சுக்குச்சி. ஒரு துளி டிஸ்டில்டு வாட்டர் போதும். குச்சி சொட்டச் சொட்ட நனைந்தால் கறை நீர்த்துப் பரவிவிடும். நனைத்த குச்சியைக் கறையின் மேல் சுழற்றி எடுத்து, அதே இடத்தில் காய்ந்த குச்சியால் மறுபடி ஒற்ற வேண்டும், முதல் குச்சி கரைத்துவிட்டதை இரண்டாவது உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்தில் கறை இல்லாத இடத்தில் ஒரு குச்சி, அதாவது படியாத மண்ணின் தம்பி. குச்சிகளை நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வை உடைக்கும், ஹேர் டிரையரின் சூடும் ஆகாது.

காய்ந்த பிறகு காகித உறை. பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. இது எல்லோரும் ஒப்பிக்கும் விதி, ஆனால் நவம்பர் மழையில் கடலோர ஊரில் இதைக் கடைப்பிடிப்பது லேசில்லை. சேலை, லுங்கி மாதிரி தடித்த துணி அந்த ஈரக் காற்றில் ஒரு ராத்திரியில் காயாது. ஸ்டேஷனில் காயவைக்கத் தனி இடமும் இருக்காது. அவசரத்தில் ஈரத்தோடு மடித்துப் பாலிதீனில் போட்டுக் கட்டினால், உள்ளே பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து ஒரு வாரத்தில் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் தின்றுவிடும். ஆய்வக அறிக்கையில், "சிதைந்துவிட்டதால் ரத்த வகை கண்டறிய இயலவில்லை" என்று ஒரே வரியில் வந்து நிற்கும். துணியை மடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கறையும் கறையும் தொடாதபடி ஒவ்வொரு மடிப்புக்கு நடுவிலும் வெள்ளைக் காகிதம் வைக்க வேண்டும். இல்லையென்றால் முன்பக்கத்துக் கறை பின்பக்கம் ஒற்றிக்கொண்டு, குத்து முன்னாலா பின்னாலா என்பதே குழம்பிவிடும். இறந்தவர் உடையும் எதிரி உடையும் ஒரே மேசையில், ஒரே கையுறையோடு, ஒரே நாளில் கட்டப்பட்டால் அந்த வழக்கின் டி.என்.ஏ. முடிவு எப்படி வந்தாலும் சந்தேகம் ஒட்டிக்கொண்டே வரும்.

ஆய்வகத்தில் முதலில் செய்வது காசில்-மேயர் சோதனை. வடிதாளின் முனையால் கறையை லேசாகத் தேய்த்து, அதில் நிறம் நீக்கிய ஃபீனால்ஃப்தலீன் கரைசல் ஒரு துளி. நிறம் வரக் கூடாது. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி. சில நொடியில் பளிச்சென்று இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம். பெராக்சைடு விடுவதற்கு முன்பே சிவந்தால், அங்கே பிளீச்சிங் பவுடர் மாதிரி வேறு ஆக்சிஜனேற்றி இருக்கிறது. அரை நிமிடம் கழித்து மெதுவாகச் சிவந்தால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. காற்றே அந்தக் கரைசலைச் சிவக்க வைக்கும். இந்தச் சோதனையில் "இருக்கலாம்" என்பதற்கு மேல் சொல்ல முடியாது. ரத்தம்தான் என்று உறுதி செய்ய டகயாமா படிகச் சோதனை போன்றவை, மனித ரத்தமா ஆட்டு ரத்தமா என்று பிரிக்க எதிர்ப்புரதச் சோதனை, அதன் பிறகே வகை, டி.என்.ஏ. அரிவாளில் ரத்தம் இருந்தது என்று மட்டும் அறிக்கை வந்து, மனித ரத்தம் என்று வராமல் போனால், கோழிக்கடை வைத்திருக்கும் எதிரி தப்பித்துவிடுவார், அதில் தப்பும் இல்லை.

அரிவாள் என்றதும் ஒரு விஷயம். கழுவிவிட்டுப் புதருக்குள் போட்ட அரிவாளின் இலைப்பகுதியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார்கள். ரத்தம் தங்குமிடம் மரப்பிடிக்குள் இரும்பு நுழையும் இடுக்கும், ஆணித்தலையும், மரத்தின் விரிசலும். பிடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கான கடிதத்தில் எழுதலாம். கட்டும்போது அரிவாளைப் பஞ்சில் சுற்றாமல், அட்டைப் பெட்டிக்குள் ஆடாதபடி கயிற்றால் கட்டி வைக்க வேண்டும். பஞ்சு உரசி உரசிக் கறை உதிர்ந்துவிடும்.

சினிமாவில் பார்க்கும் நீல ஒளி லூமினால். கழுவிய இடத்தில் கூடக் கறையின் தடம் காட்டும், அது உண்மை. ஆனால் செம்புக்கும் பிளீச்சிங்குக்கும் அதுவும் ஒளிரும், தெளிப்பதால் மிச்சமிருக்கும் ரத்தமும் நீர்த்துப்போகும். அதனால் கண்ணுக்குத் தெரியும் கறையை எல்லாம் எடுத்து முடித்த பிறகு, கடைசியாகத்தான் அதைக் கையில் எடுக்க வேண்டும்.

ரத்தம் தெறித்த வடிவத்தில் கணக்கு எளிது. துளியின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் அது விழுந்த கோணத்தின் சைன் மதிப்பு. அகலம் 5 மி.மீ., நீளம் 10 மி.மீ. என்றால் 0.5, அதாவது 30 பாகை. இப்படிப் பல துளிகளிலிருந்து நூல் பிடித்தால், அடிபட்டவர் நின்றிருந்தாரா படுத்திருந்தாரா என்று தெரியும். கணக்கு சரியாக இருந்தும் முடிவு தவறுவது ஈயால். ரத்தத்தில் உட்கார்ந்த ஈ சுவரில் போய் வைக்கும் புள்ளிகள் அச்சு அசல் தெறிப்பு மாதிரியே இருக்கும். ஓடிக்கொண்டிருந்த சீலிங் ஃபேனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைரேகைக்கு வந்தால், உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறை எட்வர்டு ஹென்றி பெயரில் வழங்குகிறது. கணக்கைப் போட்டுக் கொடுத்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் அங்கே வேலை பார்த்த இந்தியர்கள். கண்ணுக்குத் தெரியாத ரேகையை எழுப்ப, பரப்பைப் பொறுத்து வழி மாறும். எவர்சில்வர் குடம், பீரோ, கண்ணாடி, டைல்ஸ் என்றால் பவுடர், அல்லது கூடுக்குள் வைத்துச் சூப்பர் குளூ ஆவி. காகிதம், பத்திரம் என்றால் நின்ஹைட்ரின்: வியர்வையின் அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் தரும், ஒன்றிரண்டு நாள் ஆகும். மழையில் நனைந்த வண்டி என்றால் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த நீர்க்கரைசல். டிஸ்டெம்பர் அடித்த சொரசொரப்பான சுவரில் பவுடர் போடுவது பவுடருக்குத்தான் கேடு.

பிரஷ்ஷின் நுனி மட்டும் பவுடரைத் தொட வேண்டும். அதிகம் போட்டால் ரேகையின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நிரம்பி, வெறும் கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். டேப்பால் எடுப்பதற்கு முன் படம் எடுத்துவிட வேண்டும், டேப் கிழிந்தால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. வீட்டில் இருப்பவர்கள், பால்காரர், முதலில் வந்த காவலர் எல்லோருடைய ரேகையும் கழித்துக்கட்டுவதற்காக வாங்க வேண்டும். இதுவும் அடிக்கடி விட்டுப்போகும் வேலை.

அழுகிய உடலிலும் ரேகை கிடைக்கும். தண்ணீரில் கிடந்த உடலின் கைத்தோல் கையுறை மாதிரி உரிந்து வரும். அதை நிபுணர் தன் கையுறைக்கு மேல் மாட்டிக்கொண்டு மையில் உருட்டி எடுப்பார். தமிழ்நாட்டில் இது தெரிந்த கதைதான். 1952-ல் சென்னையில் கொல்லப்பட்ட ஆளவந்தாரின் தலையில்லாத உடல் ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கிடைத்தது, தலை ராயபுரம் கடற்கரையில். அவர் ராணுவத்தில் இருந்தபோது பதிந்து வைத்திருந்த ரேகையோடு உடலின் ரேகை பொருந்தித்தான் ஆள் யார் என்று உறுதியானது.

ரேகை பொய் சொல்லாது என்பார்கள். ரேகை பொய் சொல்லாமல் இருக்கலாம், பார்ப்பவர் தப்புச் செய்வார். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு பை மேலிருந்த ரேகையை, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஒரு அமெரிக்க வழக்கறிஞருடையது என்று அடித்துச் சொல்லி அவரைப் பிடித்து வைத்தது. ஸ்பெயின் போலீஸ் அது வேறொருவருடையது என்று காட்டிய பிறகு விட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். முதல் நிபுணர் சொன்ன முடிவு தெரிந்த பிறகு இரண்டாவது, மூன்றாவது நிபுணர் பார்த்தால், அவர்களுக்கும் அதுவே தெரியும்.

டி.என்.ஏ.வில் இதைவிடப் பெரிய கூத்து நடந்திருக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. பல வருஷம் அந்த மர்மப் பெண்ணைத் தேடினார்கள். 2009-ல்தான் தெரிந்தது, அது பஞ்சுக்குச்சி தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவரின் டி.என்.ஏ. குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதான், ஆனால் கிருமியைக் கொல்வது வேறு, டி.என்.ஏ.வை நீக்குவது வேறு. மருந்துக் கடையில் கிடைக்கும் குச்சியைத் தடயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒப்பிடுவதற்காக உயிரோடு இருப்பவரிடம் எடுக்கும் ரத்தத்தை ஊதா மூடி போட்ட, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுக்க வேண்டும். சதையை ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. கெட்டுவிடும், இது பிணவறையில் இன்றும் நடக்கும் தவறு.

கால்தடம் எடுப்பதைப் பலர் பழங்காலத்து வேலை என்று நினைக்கிறார்கள். தோட்டத்திலோ வயலோரத்திலோ நடந்த குற்றத்தில் டி.என்.ஏ.வை விட அதுதான் கை கொடுக்கும். ஒரு செருப்புத் தடத்துக்குச் சுமார் 900 கிராம் டென்டல் ஸ்டோன் பவுடர் (பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் மாவு), 350 மி.லி. தண்ணீர். தோசை மாவுப் பதம். இட்லி மாவுப் பதம் என்றால் கெட்டி. தடத்துக்குள் நேராக ஊற்றாமல், ஓரத்தில் ஊற்றி உள்ளே ஓடவிட வேண்டும், இல்லையென்றால் ஊற்றும் வேகத்திலேயே தடம் அழியும். அரை மணி நேரம் கழித்துத் தூக்கலாம். ஒட்டிய மண்ணை ஒரு நாளாவது கழித்துத்தான் கழுவ வேண்டும். அதற்கு முன் படம் எடுக்கும்போது அளவுகோலைத் தரை மேல் வைக்காமல், தடம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பள்ளத்தில் வைக்க வேண்டும். மேலே வைத்தால் கேமராவுக்கு அளவுகோல் கிட்டத்திலும் தடம் தூரத்திலும் இருக்கும், செருப்பு அளவு தப்பாக வரும்.

துப்பாக்கி வழக்குகள் நம் பக்கம் குறைவு, சுருக்கமாகவே சொல்கிறேன். சுட்ட கையில் ஈயம், பேரியம், ஆன்டிமனி கலந்த துகள் படியும். சில மணி நேரத்தில் உதிர்ந்துவிடும், கை கழுவினால் உடனே போய்விடும். எதிரியைப் பிடித்ததும் சோறு போட்டுக் கை கழுவ விட்டால், அதோடு சரி.

எப்போது இறந்தார் என்ற கேள்விக்கு வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களை நம்பி எழுதும் பதில்கள் நிறைய உலவுகின்றன. உடல் மணிக்கு இவ்வளவு பாகை குளிரும் என்ற கணக்கு, சுற்றுக் காற்று உடலை விடக் குளிராக இருந்தால்தான் பொருந்தும். சென்னை மே மாதத்துப் பகலில் காற்றே 38 பாகை செல்சியஸ், உடல் எங்கே குளிர்வது? நம் வெப்பத்தில் விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும், அடிவயிற்றின் வலப்பக்கத்தில் பச்சை நிறம் ஒரு நாளுக்குள் தெரியும், ஈ முட்டையிலிருந்து புழு ஒரு நாளுக்குள் வெளிவரும். "மாலை 6.15-க்கு இறந்தார்" என்று டாக்டர் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். "12 முதல் 18 மணி நேரத்துக்குள்" என்பதுதான் யோக்கியமான பதில்.

விஷச் சாவில் வயிறும் அதில் உள்ளதும், சிறுகுடலில் சுமார் 30 செ.மீ., கல்லீரலில் அரைக் கிலோ வரை, இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப் பாதி, தனியே ரத்தம். பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். அழுகும் வாயு மூடியைத் தள்ளிவிடும். பதப்படுத்தச் செறிவான உப்புக் கரைசல். ரத்தத்துக்கு மில்லிக்கு 10 மி.கி. சோடியம் ஃபுளோரைடு, அது இல்லாமல் போனால் பாட்டிலுக்குள்ளேயே நொதித்துச் சாராயம் உண்டாகி, குடிக்காதவர் குடித்தவர் ஆவார். இன்னொன்று, என்ன தேட வேண்டும் என்று கடிதத்தில் எழுத வேண்டும். பூச்சிமருந்து வழக்கமான சோதனையில் கிடைத்துவிடும். விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் பார்க்கும் ஒடுவன்தழை என்ற விஷ இலை அப்படி இல்லை. அந்தச் சந்தேகம் இருக்கிறது என்று சொல்லாவிட்டால் அதைத் தேடவே மாட்டார்கள்.

சி.சி.டி.வி. இன்று எல்லா வழக்கிலும் வருகிறது. படம் பதிவாகும் பெட்டியின் கடிகாரமும் உண்மை நேரமும் பெரும்பாலும் பொருந்தாது. எடுக்கும்போது பெட்டித் திரை காட்டும் நேரத்தையும் செல்போன் நேரத்தையும் ஒரே படத்தில் பிடித்து, வித்தியாசத்தை மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் ஆவணம்) எழுத வேண்டும். பழைய பதிவு மேல் புதியது எழுதப்படும் என்பதால், இரண்டு வாரம் கழித்துப் போனால் ஒன்றும் இருக்காது. நகல் எடுத்த உடனே ஹாஷ் எண் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்து, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழில் குறிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பென் டிரைவை மட்டும் நீட்டினால் நீதிமன்றம் பார்க்காது.

இப்போது இரண்டாவது கேள்வியின் மையம். பொருளை எடுத்தாயிற்று, கைப்பற்றுதல் மகஜரில் கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் கையெழுத்துப் போட்டாயிற்று, அரக்கு வைத்து முத்திரையும் குத்தியாயிற்று. பிறகு அது ஸ்டேஷனிலிருந்து நடுவர் நீதிமன்றத்துக்குப் போகும். ஆய்வுக்கு அனுப்பச் சொல்லி விசாரணை அதிகாரி அங்கே மனுக் கொடுப்பார். நீதிமன்றக் கடிதத்தோடு ஒரு காவலர் சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்கோ, மதுரை, கோவை, திருச்சி, நெல்லை மாதிரி ஊர்களின் வட்டார ஆய்வகத்துக்கோ கொண்டு போவார். ஆய்வகத்தில் முதலில் பார்ப்பது முத்திரையைத்தான்: உடையாமல் இருக்கிறதா, தனியே அனுப்பிய மாதிரி முத்திரையோடு ஒத்திருக்கிறதா. இந்த ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தேதியும் கையெழுத்தும் வேண்டும். ஒரு இடத்தில் பத்து நாள் யாரிடம் இருந்தது என்று தெரியாவிட்டால், எதிர்த்தரப்பு அந்தப் பத்து நாளை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011 மே மாதம் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கில் இதுதான் நடந்தது. விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டி.என்.ஏ. அறிக்கை இருந்தும், மாதிரிகளை அனுப்பியதில் இருந்த தாமதத்துக்கும் அவை இருந்த இடத்துக்கும் ஒழுங்கான கணக்கு இல்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. அதே தீர்ப்பில் நாடு முழுவதற்கும் விதி போட்டார்கள்: மாதிரி எடுத்த ஆவணத்தில் மருத்துவர், விசாரணை அதிகாரி, சாட்சிகள் கையெழுத்து; எடுத்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டும்; விசாரணை நீதிமன்ற அனுமதியில்லாமல் உறையைத் திறக்கவோ மறுபடி முத்திரையிடவோ கூடாது; கைமாறிய பதிவேடு வழக்கு முடியும் வரை இருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து சேகரிக்க வேண்டும், அதைப் படம்பிடிக்கவும் வேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் இதை அமல்படுத்த அவகாசம் உண்டு. 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். நல்ல விதிதான். ஒரு சின்னச் சிக்கல் மட்டும்: முன்பு மகஜரில், "கையுறை அணிந்து எடுக்கப்பட்டது" என்று எழுதினால் போதும். இப்போது கையுறை இல்லாத கை வீடியோவில் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்த வழக்கின் தீர்ப்பு நகல் கையில் இருந்தால், நிபுணர் அறிக்கையை அப்புறம் படிக்கலாம். முதலில் மூன்று தேதிகளைத் தேடுங்கள். பொருள் கைப்பற்றிய தேதி, நீதிமன்றம் பெற்றுக்கொண்ட தேதி, ஆய்வகம் பெற்றுக்கொண்ட தேதி. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இடைவெளி இருந்து, அதற்கு ஸ்டேஷன் எழுத்தரோ அதிகாரியோ சாட்சிக் கூண்டில் பதில் சொல்லவில்லை என்றால், விடுதலைக்கான காரணம் இன்னும் இரண்டு பக்கத்துக்குள் வந்துவிடும்.